கணப்பு மூட்டாத இரண்டு இரவுகள்

முதல் நாள், இரவு 8.40

தை அமாவாசை நேற்றோடு முடிந்துவிட்டதால் இன்று காலை ஒன்பது மணிக்கு உடுமலையிலிருந்து புறப்பட்டோம். நான், மனைவி, ஆறாம் வகுப்பு படிக்கும் மகள், மைத்துனர், அத்தை என்று ஐந்து பேர். கேரளத்தில் மறையூருக்கு மேலேயுள்ள மலையூரான காந்தளூரில் ஒரு பழத்தோட்டத்தில் இரண்டு கூடாரங்கள் அடித்து இரண்டு இரவுகள் தங்குவது என்று ஒரு மாதத்துக்கு முன்பே பேசி வைத்திருந்தோம்.

ஒன்பதாறு சோதனைச் சாவடியைத் தாண்டியதும் காடு வெளுக்கத் தொடங்கியது. சின்னாறு மழைமறைவுப் பகுதி. தென்மேற்குப் பருவமழை ஆனைமலையின் உயர்ந்த முடிகளுக்கு அந்தப்புறமே பெய்து தீர்ந்துவிடுவதால், மூணாறு நனைந்துகொண்டிருக்கும் மாதங்களிலும் இந்தப் பக்கம் காற்றுதான் வீசும். ஐப்பசி, கார்த்திகையில் விழுகிற மழையைக் கொண்டு ஆண்டு முழுவதும் இக்காடு உயிர் வாழ்கிறது. 1984ஆம் ஆண்டு சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இந்தக் காட்டில் நரை அணிலும் நட்சத்திர ஆமையும் வாழ்வதைப் பலரும் எழுதிவிட்டார்கள். என் கண்ணில் இன்று பட்டது சாலையோரம் வனத்துறையினர் புல்லைச் செதுக்கி, சருகைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்த தீத்தடுப்புக் கோடுதான். தை மாதத்திலேயே வேலை தொடங்கிவிட்டது என்றால் புல் அந்த அளவுக்குக் காய்ந்துவிட்டது என்று பொருள். அப்போது அதை நான் ஒரு காட்சியாக மட்டுமே பார்த்துக் கடந்தேன்.

மறையூரில் சாப்பிட்டுவிட்டு, கம்பிவேலிக்குள் எண்ணிடப்பட்டு நிற்கும் சந்தன மரங்களை ஒட்டியே மேலே ஏறி, மூன்று மணிக்குத் தோட்டத்தை அடைந்தோம். தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் அஞ்சுநாட்டுத் தமிழர். மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி என்ற ஐந்து ஊர்களையும் சேர்த்து அஞ்சுநாடு என்பார்கள். தங்கள் முன்னோர் மதுரைப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று அவர் சொன்ன தமிழில் மலையாளத்தின் இழுவை இலேசாகக் கலந்திருந்தது. இடத்தைக் காட்டிய பிறகு ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்.

“தீ மட்டும் வேண்டாம் தம்பி. மத்ததெல்லாம் உங்க இஷ்டம்.”

வண்டியின் பின்பக்கம் இரண்டு சிப்பம் விறகு கட்டிக் கொண்டு வந்திருந்த மைத்துனரின் முகம் விழுந்துவிட்டது. சுற்றிலும் கல் அடுக்கி மூட்டினால் கூடவா, என்று கேட்டுப் பார்த்தார். பெரியவர் வாதாடவில்லை, எதிர்ச்சரிவைக் கை நீட்டிக் காட்டினார். தைலப்புல் இடுப்புயரத்துக்கு வளர்ந்து வைக்கோல் நிறத்தில் நின்றது. இங்குள்ள முதுவர் பழங்குடியினர் அந்தப் புல்லைக் காய்ச்சித்தான் தைலம் எடுக்கிறார்கள். எண்ணெய் உள்ள புல் எப்படி எரியும் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அதற்கு மேலே யூகலிப்டஸ் மரங்கள் பட்டையை நாடா நாடாக உரித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தன. காற்றில் ஒரு பொறி ஏறினால் அந்தப் பட்டையே தீயை அடுத்த சரிவுக்குக் கொண்டுபோய்விடும். அதையும் தாண்டினால் சந்தனக் காடு. இதே மலைத்தொடரின் தென்கிழக்கில், கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கும் வழியில், 2018ஆம் ஆண்டு மார்ச் 11 அன்று மலையேற வந்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் உயிரிழந்ததைத் தேனி, போடி ஊர்களில் உறவினர் உள்ள எங்களுக்கு யாரும் நினைவூட்டத் தேவையில்லை. சரணாலயத்துக்குள் தீ மூட்டுவதை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமே தடுக்கிறது. இந்தத் தோட்டம் தனியார் நிலம்தான் என்றாலும் வேலிக்கு அப்பால் உள்ள புல்லுக்குப் பட்டா எல்லை தெரியாது.

ஆகவே விறகு வண்டியிலேயே கிடக்கிறது. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இன்றைய மாலை முழுத் தோல்வி. ஓடைச் சத்தம் கேட்கட்டும் என்று தோட்டத்தின் அடியிலுள்ள கடைசிப் படி வயலில் கூடாரம் அடித்தோம். ஆறரை மணிக்கு வெயில் மறைந்ததும் குளிர் கால் வழியே ஏறியது. வீட்டில் மின்வெட்டுக்கு வைத்திருந்த வெள்ளை விளக்கை ஏற்றினால் எல்லோர் முகமும் மருத்துவமனை வராந்தாவில் காத்திருப்பவர்களின் முகம் போல் ஆயிற்று. பூச்சிகள் வேறு மொய்த்துக்கொண்டன. நாற்காலிகளைப் பள்ளத்தாக்கை நோக்கி வரிசையாகப் போட்டிருந்ததால், இருட்டிய பின் பார்க்க ஒன்றும் இல்லாமல் ஆளுக்கொரு கைபேசியில் தலை கவிழ்ந்தோம். கட்டுச்சோறு ஆறிப்போயிருந்தது. எட்டு மணிக்கு அத்தை, “மாப்பிள்ளை, நான் போய்ப் படுக்கறனுங்க” என்று எழுந்தார். அவரோடு கூட்டமும் கலைந்தது. இதைப் போர்வைக்குள்ளிருந்து எழுதுகிறேன். காற்றடைத்த மெத்தை அடியில் ஐஸ் கட்டி போல் இருக்கிறது.

இரண்டாம் நாள், இரவு 10.30

காலையில் எழுந்தபோது கூடாரத்தின் உட்புறத் துணி முழுவதும் நீர் முத்துகள். குளிருக்குப் பயந்து எல்லாச் சாளரங்களையும் இழுத்து மூடியதால் எங்கள் மூச்சே துணியில் படிந்து, விடியற்காலையில் முகத்தில் சொட்டியது. இரவு எப்படி இருந்தது என்று பெரியவரின் மனைவி கேட்டபோது அத்தை மரியாதைக்காக நன்றாக இருந்தது என்றார், அவர் நம்பவில்லை. “கீழ்த் தட்டுல மாடு கூடக் கட்டமாட்டோங்க” என்றார். முன்பே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் ஓடை பார்க்க வந்தவர்களிடம் ஓடைப் பக்கம் போகாதீர்கள் என்று யார் சொல்வார்கள்?

காரணம் எளியது. மேகமில்லாத இரவில் நிலம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. நிலத்தைத் தொட்டுக் குளிர்ந்த காற்று கனத்து, தண்ணீர் போலவே சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. பெரியவர் வீட்டுச் சுவரில் தொங்கிய வெப்பமானியைக் கேட்டு வாங்கிய மகள், காலை ஆறரை மணிக்கு எங்கள் கூடாரத்தருகே 9 டிகிரி என்றும், மேலேயுள்ள நான்காவது படியில் 12 டிகிரி என்றும் குறித்துக்கொண்டு வந்தாள். ஐம்பது அடி உயரம் கூட இராது. காலையுணவு முடிந்ததும் முதல் வேலையாகக் கூடாரங்களைப் பிடுங்கி நான்காவது படிக்குக் கொண்டுபோனோம். பின்புறம் இடுப்பளவு கல் கட்டு. அது பகலெல்லாம் வெயில் குடித்து, இரவு எட்டு மணி வரை தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. அதில் முதுகு சாய்த்து உட்கார முடிந்ததைவிடப் பெரிய வசதி இந்தப் பயணத்தில் வேறொன்றும் வாய்க்கவில்லை.

பகலில் மறையூருக்கு இறங்கி வெல்லம் காய்ச்சும் ஆலைக்குப் போனோம். நெருப்பு அங்கே இருந்தது. பிழிந்த கரும்புச் சக்கையைக் காயவைத்து அதையே அடுப்பில் தள்ளி, அகன்ற கொப்பரையில் சாறு கொதித்துக் குறுகும் வரை கிளறுகிறார்கள். பாகு பதத்துக்கு வந்ததும் மரத் தொட்டியில் கொட்டி, சூடு ஆறுமுன் கையால் உருட்டுகிறார்கள். ஒவ்வோர் உருண்டையிலும் உருட்டியவரின் விரல் தடம் தெரிகிறது. மறையூர் வெல்லத்துக்கு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. அடுப்படியில் பத்து நிமிடம் நின்ற மைத்துனர், “நமக்கு வேண்டிய கணப்பு இங்கயே ஆச்சுங்க மாமா” என்று சமாதானமடைந்தார். கொண்டுவந்த விறகு இரண்டு சிப்பத்தையும் திரும்பும்போது பெரியவர் வீட்டு அடுப்புக்கே கொடுத்துவிட்டார். அந்த அடுப்பில்தான் எங்கள் இரவுக்கான வெந்நீரும் காய்ந்தது என்பதால் விறகு வீணாகவில்லை.

இனி மாலையைப் பற்றி விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் நேற்று எங்களுக்குத் தெரியாத பலவற்றை இன்று கற்றுக்கொண்டோம்.

ஐந்தரை மணிக்கே, இன்னும் வெயில் இருக்கும்போதே, நடந்து வியர்த்த உள்ளாடைகளை எல்லோரும் மாற்றிக் காய்ந்ததை உடுத்திக்கொண்டு, காலுறை, குல்லா, கம்பளிச் சட்டை எல்லாவற்றையும் அணிந்துகொண்டோம். ஈரப் பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் என்பது தெரிந்ததுதான்; ஆனால் குளிர்ந்த பிறகு போர்த்தினால் போர்வை அந்தக் குளிரைத்தான் காக்கும் என்பது நேற்றுத்தான் உறைத்தது. கம்பளி தானாகச் சூடு தருவதில்லை, உள்ளே இருப்பதை வெளியே விடாமல் வைத்துக்கொள்கிறது, அவ்வளவே. குரங்குக் குல்லா போட மறுத்த மகள் ஏழு மணிக்குத் தானே தேடி வந்து போட்டுக்கொண்டாள்.

தரைக்கு இன்று முதலிடம் கொடுத்தோம். காற்று மெத்தைக்குள் இருக்கும் காற்று உள்ளுக்குள்ளேயே சுழன்று, உடம்பின் சூட்டை வாங்கித் தரைக்குக் கொடுத்துவிட்டு வருகிறது. எனவே அதை மடித்து வண்டியில் போட்டுவிட்டு, கூடாரத்தின் அடியில் தார்ப்பாய், உள்ளே கோரைப்பாய், அதன் மேல் அத்தை கட்டாயப்படுத்திக் கொண்டுவந்த பவானி ஜமுக்காளம் இரண்டாக மடித்தது, அதன் மேல் பெரியவர் வீட்டில் கடன் வாங்கிய இலவம்பஞ்சு மெத்தை என்று அடுக்கினோம். இருக்கும் போர்வைகளில் நல்லதைக் கீழே விரியுங்கள் என்று யாராவது சொன்னால் வேடிக்கையாகத் தோன்றும். படுத்துப் பார்த்தவர்களுக்கு அது புரியும். ஜமுக்காளத்தை வண்டியில் ஏற்றும்போது ‘கல்யாண வீட்டுக்கா போகிறோம்’ என்று நான் கேலி செய்ததை அத்தை இன்று மூன்று முறை நினைவூட்டினார்.

உட்காரும் இடத்திலும் அதே கதைதான். நாற்காலியில் உட்கார்ந்தால் அடியில் காற்று ஓடுகிறது. நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு, கல் கட்டுக்கு முன்னால் இன்னொரு ஜமுக்காளத்தை விரித்து அரைவட்டமாக அமர்ந்தோம். மனிதர்களுக்கு வட்டத்தின் நடுவே ஏதாவது இருந்தாக வேண்டும் போலிருக்கிறது. இல்லாவிட்டால் முகங்கள் ஆளுக்கொரு திசையில் திரும்பிவிடுகின்றன. கணப்பின் பாதி வேலை சூடு தருவது, மறுபாதி எல்லோரையும் ஒரே பக்கம் திருப்பி வைப்பது. நாங்கள் நடுவில் வைத்தது சுக்குக் காப்பி நிறைந்த பெரிய பிளாஸ்க்கையும், ஒரு தாம்பாளத்தில் வறுத்த நிலக்கடலையையும், பகலில் வாங்கிய வெல்ல உருண்டைகளையும், ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேன் ஒன்றையும். கேன் குடிப்பதற்கல்ல. மைத்துனரின் நெற்றி விளக்கை ஒளி உட்பக்கம் விழும்படி கேனில் சுற்றிக் கட்டி, மஞ்சள் கண்ணாடித்தாள் ஒன்றை இடையில் செருகியதும், தண்ணீர் முழுவதும் ஒளி பரவி ஒரு பெரிய அகல் போல் நின்றது. வெள்ளை ஒளிக்கு வந்த பூச்சிகளில் பாதி கூட இந்த மஞ்சளுக்கு வரவில்லை. தரையோடு கிடக்கும் மங்கலான வெளிச்சத்தில் முகங்களின் அடிப்பாகம் மட்டும் தெரிய, பேச்சு தானாகத் தணிந்தது.

உணவு ஆறே முக்காலுக்கு. பெரியவர் வீட்டு அடுப்பில் மனைவியும் அந்த அம்மாவும் சேர்ந்து அரிசிம்பருப்புச் சாதம் ஆக்கி, வெந்நீரில் அலசிச் சூடேற்றிய ஹாட்பாக்ஸில் போட்டு, மேலே ஒரு துண்டைச் சுற்றிக் கொண்டுவந்தார்கள். அந்த முன்சூடு முக்கியம். நேற்று ஜில்லென்றிருந்த பாத்திரத்தில் சோற்றைப் போட்டதும் பாதிச் சூட்டைப் பாத்திரமே தின்றுவிட்டது. நெய் உருகி ஓடும் சாதத்தை ஒருவரும் பேசாமல் சாப்பிட்டோம். குளிரில் உடம்பு எரிப்பதற்கு ஏதாவது வேண்டும். நெய்யும் கடலையும் வெல்லமும் அதற்காகவே படைக்கப்பட்டவை. மிச்சத்தையும் பாத்திரங்களையும் உடனே பெரியவர் வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டோம். காட்டுப்பன்றிக்கும் யானைக்கும் மூக்கு நம்முடையதைப் போல அல்ல. தீ இருந்தால் யானை வராது என்று நம்பிச் சோற்றைக் கூடாரத்தில் வைத்துக்கொள்பவர்களை நினைத்தால் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது. தோட்டத்தைச் சுற்றிச் சோலார் வேலி உண்டு. அதற்கு மேல் பெரியவரின் நாய்.

மேற்கே பிறை எட்டு மணிவாக்கில் மலைக்குப் பின்னால் இறங்கியது. அதற்குப் பிறகு மைத்துனர் விளக்கை அணைத்துவிடலாமா என்று கேட்டார். கணப்பு மூட்டியிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது என்று பிறகுதான் தோன்றியது. எரியும் விறகைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணுக்கு அதன் விளிம்புக்கு அப்பால் உலகம் கிடையாது. கண் இருட்டுக்கு முழுமையாகப் பழக இருபது, முப்பது நிமிடங்கள் ஆகும். ஒரு முறை கைபேசித் திரையைப் பார்த்துவிட்டால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சிவப்பு ஒளி அந்தப் பழக்கத்தை அவ்வளவாகக் கெடுக்காது என்பதால், அவசரத்துக்கு ஒரு கைவிளக்கின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளை மட்டும் கட்டிக்கொண்டோம்.

முதல் பத்து நிமிடங்கள் மகளுக்குப் பொறுக்கவில்லை. பிறகு கார்த்திகை தெரிந்தது. ஆறு மீன்களையும் எண்ணினாள். அதன் கிழக்கே சிவந்த ரோகிணி, அதற்கும் கிழக்கே ஓரியன் என்னும் வேட்டைக்காரனின் தோளில் திருவாதிரை. மார்கழித் திருவாதிரைக்குக் களி கிண்டும் அத்தை, அந்த நட்சத்திரம் எது என்று எழுபது வயது வரை தனக்கு யாரும் காட்டியதில்லை என்றார். அந்தச் சிவப்பைக் கண்டுபிடித்ததும் கைகூப்பினார். தெற்கே, மலை விளிம்புக்குச் சற்று மேலே, சிரியஸுக்கு அடுத்தபடியாக இரவு வானின் மிகப் பிரகாசமான விண்மீன் நின்றது. கனோப்பஸ் என்பதை நம்மவர்கள் அகத்தியர் மீன் என்பார்கள். சென்னையிலிருந்து பார்ப்பதைவிட இங்கே ஏறக்குறைய மூன்று பாகை அளவு உயர்ந்து தெரியும். தெற்கே போகப்போக அகத்தியர் மேலே ஏறுவார். அவருக்குப் பொதிகை மலையில் இடம் கொடுத்தவர்களுக்கு இது தெரிந்தே இருந்திருக்கும் என்று மைத்துனர் சொன்னார். அது அவருடைய ஊகம்.

அப்புறம் பேச்சு வானத்தை விட்டுவிட்டது. அத்தை தன் சிறுவயதில் களத்துமேட்டில் கம்பங்கதிர் காவலுக்குத் தந்தையோடு படுத்திருந்ததைச் சொன்னார். மனைவிக்கே தெரியாத கதை அது. இருட்டில் கேட்பவர் முகம் தெரியாததால் சொல்பவர் இன்னும் கொஞ்சம் சொல்லிவிடுகிறார். மகள் விடுகதை போட்டாள். எங்களால் இரண்டை விடுவிக்க முடியவில்லை. ஒன்பதே காலுக்கு எதிர்ச்சரிவில் கடமான் ஒன்று “டாங்க்” என்று தகரத்தைத் தட்டியது போல் குரல் கொடுத்தது. நாய் எழுந்து நின்றது. சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. விறகு வெடிக்கும் சத்தம் இருந்திருந்தால் அந்தக் குரல் எங்களுக்குக் கேட்டே இருக்காது. புகை இல்லாததால் தைலப்புல்லின் எலுமிச்சை மணம் காற்று திரும்பும்போதெல்லாம் வந்து போனது.

குறை ஒன்று உண்டு, அதையும் எழுதுகிறேன். கையை நீட்டிக் காய்ச்சிக்கொள்ளும் அந்தச் சுகத்துக்கு ஈடு எதுவும் இல்லை. சூடான டம்ளரை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டால் ஓரளவு ஈடாகிறது. டம்ளர் காலியானதும் மீண்டும் கை தேடுகிறது. ஆனால் கணப்பின் முன் முகம் வேக, முதுகு உறையும். இன்று வெயில் குடித்த கல் முதுகைப் பார்த்துக்கொண்டது.

படுக்கப் போகுமுன், இடுப்புவலிக்கு மருந்துக்கடையில் விற்கும் ரப்பர் வெந்நீர்ப் பைகள் மூன்றை நிரப்பி, காற்றை வெளியேற்றி மூடி, கம்பளிக் காலுறைக்குள் திணித்து, படுக்கையின் கால்மாட்டில் அரை மணி நேரம் முன்பே வைத்திருந்தோம். கூடாரத்துக்குள் அடுப்போ, கரியோ, எரியும் எதுவுமோ கூடாது என்பதில் நானும் மைத்துனரும் உறுதியாக இருந்தோம். மூடிய துணிக்குள் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மேல் சாளரத்தை ஒரு சாண் திறந்து வைத்திருக்கிறேன். அத்தையின் குறட்டை கேட்கிறது. நேற்று அது கேட்கவில்லை.

மூன்றாம் நாள், பகல் 2.00, மறையூர்

கூடாரத் துணி இன்று காய்ந்திருந்தது. வெந்நீர்ப் பை காலையிலும் இளஞ்சூடாக இருந்ததால் அதிலேயே கை கழுவிக்கொண்டோம். கட்டி முடிக்கப் பதினைந்து நிமிடங்கள்தான் ஆயின. நனைத்து அணைக்கவோ, சாம்பலைப் புதைக்கவோ ஒன்றும் இல்லை. மூன்றாவது படியில், பெரியவர் இந்த நிபந்தனையைப் போடுவதற்கு முன்பு யாரோ தீ மூட்டிய இடம் ஒரு வண்டிச் சக்கர அளவுக்குக் கறுத்துக் கிடக்கிறது. இரண்டு மழைக்காலம் போயும் அதில் புல் முளைக்கவில்லை என்று காட்டினார்.

இலவம்பஞ்சு மெத்தையைத் திருப்பிக் கொடுக்கும்போது அத்தை அதன் விலையை விசாரித்தார். விற்பதற்கில்லை என்று பெரியவரின் மனைவி சிரித்தார். இரண்டு பேரும் தொலைபேசி எண் மாற்றிக்கொண்டார்கள். வெல்லம் ஐந்து கிலோ வாங்கியாயிற்று. யானைகள் சாலைக்கு வருமுன் சின்னாற்றைக் கடந்துவிட வேண்டும் என்பதால் இப்போது புறப்படுகிறோம். பவானி ஜமுக்காளத்தை வீட்டுக்குள் எடுக்காமல் வண்டியிலேயே விட்டுவைக்கச் சொல்லி மனைவியின் உத்தரவு.